திடீர்ப் புகை: “றிங் போயிட்டுது” என்று நம்புவதற்கு முன்

திருகோணமலைப் பக்கம், தம்பலகாமம் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் காரின் பின்கண்ணாடியைப் பார்த்தேன், ரோட்டைக் காணவில்லை. டெங்குக்குப் புகை அடித்துவிட்டுப் போன ஒழுங்கை மாதிரி ஒரே மூட்டம். ஓரமாக நிறுத்தி இறங்குவதற்குள் சைக்கிளில் வந்த ஒருவரும் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒருவரும் பக்கத்தில் வந்துவிட்டார்கள். “றிங் போயிட்டுது தம்பி, என்ஜினைக் கழட்டத்தான் வேணும்” என்பது சைக்கிள்காரரின் தீர்ப்பு. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்து ஒயில் எரிகிறதாம். இளநீர்க்காரரும் தலையாட்டினார்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியவர் கொஞ்சத் தூரத்தில் கராஜ் வைத்திருந்த கிண்ணியா நானா ஒருவர். பொனற்றைத் திறக்க முன்னமே அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “நேத்து வண்டிக்கு என்ன செஞ்சீங்க?” முதல் நாள் சேர்விஸ் செய்திருந்தேன். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். மேல் கோட்டையும் தாண்டிப் பெருவிரல் அகலத்துக்கு ஒயில் ஏறி நின்றது. மூன்று லீற்றர்கூடக் கொள்ளாத சின்ன என்ஜினுக்கு நாலு லீற்றர் கானை அப்படியே கவிழ்த்திருக்கிறார்கள். கூடின ஒயிலைக் கீழால் இறக்கினார், காற்று இழுக்கும் குழாயில் தேங்கியிருந்ததைத் துடைத்தார். நான் தேத்தண்ணி குடித்து முடிக்க வேலையும் முடிந்தது.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு இங்கே எழுதுகிறேன். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவரும் புகை தேய்மானத்தின் புகை. நேற்று இல்லாமல் இன்று மூட்டமாகக் கிளம்பும் புகைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சம்பவம் இருக்கும். அந்தச் சம்பவத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய துணி, ஒரு டோர்ச், கொஞ்சம் பொறுமை போதும்.

முதல் இரண்டு நிமிடம்

புகையைக் கண்டவுடன் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டாதீர்கள். கண் போகவேண்டிய இடம் டாஷ்போர்ட். சூட்டு முள் சிவப்புப் பக்கம் ஏறியிருக்கிறதா? இப்போது வரும் பல சின்னக் கார்களில் முள்ளே இல்லை. என்ஜின் குளிர்ந்திருந்தால் நீல நிறத்தில் ஒரு வெப்பமானிப் படம் எரியும், கொதித்தால் அதே படம் சிவப்பாகும். அதோடு ஒயில் கேத்தல் வடிவச் சிவப்பு லைட். இந்த இரண்டில் எது எரிந்தாலும் “சீனன்குடா வரைக்கும் போய்ப் பார்ப்பம்” என்ற கணக்கு வேண்டாம். நிறுத்தக்கூடிய முதல் இடத்தில் நிறுத்தி என்ஜினை அணையுங்கள். கொதித்த என்ஜினில் ஓடும் நாலு கிலோமீற்றர், ஒரு காஸ்கற்றோடு (பாகங்களுக்கு இடையில் கசியாமல் அடைக்கும் தகடு) முடிந்திருக்கவேண்டிய வேலையைப் புது என்ஜின் தேடும் வேலையாக்கிவிடும்.

நிறுத்தும் இடத்தையும் பாருங்கள். வெயில் காலத்தில் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தக்கூடாது. கொதித்த சைலன்சர் புல்லைப் பற்றவைக்கும். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுப் பக்கம் இரவில் இப்படி ஆனால், இறங்கி டோர்ச் அடித்துச் சுற்றிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அந்த ரோட்டில் யானைக்குத்தான் முன்னுரிமை. ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டு உள்ளே இருந்து யாரையாவது அழைப்பது நல்லது. ஆனால் பொனற்றுக்குள் நெருப்பு வாசமோ சுவாலையோ இருந்தால் யானைக் கணக்கு இல்லை, உடனே இறங்கி விலகிவிட வேண்டும்.

றேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. மூடிக்குள் இருப்பது அழுத்தத்தில் நிற்கும் கொதிநீர். திறந்த கணத்தில் முகத்துக்குத்தான் வரும். குறைந்தது முக்கால் மணித்தியாலம் விடுங்கள். றேடியேற்றரின் மேல் ஹோஸைக் கையால் தொட்டு வைத்திருக்க முடியுமானால் மட்டும் மூடியில் கை வையுங்கள்.

ஹைப்ரிட் கார் என்றால் இன்னொரு எச்சரிக்கை. சத்தம் இல்லாததால் என்ஜின் அணைந்துவிட்டது என்று நினைப்போம். பற்றரி இறங்கியதும் அது தானாக ஸ்டார்ட் ஆகும். பவர் பட்டனை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போன பிறகே பொனற்றுக்குள் தலையை விட வேண்டும். செம்மஞ்சள் நிற வயர்களை எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது.

புகை எங்கிருந்து வருகிறது?

சிரிப்பாக இருக்கும், ஆனால் “சைலன்சர் புகை” என்று கராஜுக்கு வரும் எல்லாமே சைலன்சர் புகை அல்ல. ஒயில் ஊற்றும்போது சிந்திய ஒரு கரண்டி ஒயில், சூடான மனிபோல்டின் (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) மேல் வடிந்தால் பொனற் இடுக்கால் நீலப் புகை வரும். இருபது நிமிடம் ஓடினால் எரிந்து முடிந்துவிடும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் டெபிட் கவர் (என்ஜினின் மேல் மூடி) காஸ்கற் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். மழை நாளில் தேங்கிய தண்ணீருக்குள்ளால் ஓடி வந்தால் சூடான குழாயில் பட்ட தண்ணீர் காருக்கு அடியிலிருந்து ஆவியாகக் கிளம்பும், அது ஒன்றுமில்லை. சில்லுப் பக்கம் புகையும் ரப்பர் கருகின மாதிரி வாசமும் வந்தால் பிறேக் பிடித்தபடி நிற்கிறது. ஹாண்ட்பிறேக்கை இறக்க மறந்திருக்கவும் கூடும். கியர் மாற்றும்போது கருகல் நாற்றம் வந்தால் கிளச்.

ஆகவே இறங்கி ஒருமுறை சுற்றி வாருங்கள். குழாயின் வாயிலிருந்துதான் வருகிறது என்று உறுதியான பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

நானாவின் கேள்வி

இதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய படி, காசும் செலவில்லை. கடைசி இரண்டு மூன்று நாளில் காருக்கு என்ன நடந்தது?

சேர்விஸ் செய்திருந்தால், முதலில் ஒயில் அளவு. ஒயில் கூடினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்; குறைந்தால்தானே பயம் என்பார்கள். என்ஜினின் அடியில் கிராங்க் தண்டு சுற்றுகிறது. ஒயில் மட்டம் அதைத் தொடும் அளவுக்கு ஏறினால், தயிர் கடைவது மாதிரி அடித்து நுரையாக்கும். அந்த நுரை மூச்சுக் குழாயால் மேலேறி, காற்றோடு சேர்ந்து எரிகிற இடத்துக்கே போய்விடும். பிறகு டெங்குப் புகைதான்.

எண்ணெய் அடித்த அன்று தொடங்கியதா? பெற்றோல் காருக்கு டீசல் அடித்துவிட்டால் என்ஜின் இருமும், இழுக்காது, சாம்பல் கலந்த வெள்ளைப் புகை வரும். பெற்றோல் ஷெட்டிலேயே தெரிந்துவிட்டால் ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளி ஓரம் கட்டி, டாங்கியை வடிக்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணினால் அது குழாய் எங்கும் போய்விடும். கானில் கனகாலம் கிடந்த பெற்றோலை ஊற்றுவதும் இதே வகைத் தொல்லை. 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் சேமித்து வைத்ததை இரண்டு வருடம் கழித்துக் காரில் ஊற்றி, கராஜில் வந்து நின்றவரை எனக்குத் தெரியும்.

என்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்களா? வயர் முனைகளில் ஈரம் இறங்கி ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றாமல் போகலாம். என்ஜின் நடுங்கும், எரியாத பெற்றோல் வாசம் அடிக்கும். காயவிட்டால் பெரும்பாலும் சரி.

வாடைக்காற்று மழையில், கார்த்திகை மார்கழியில், வெள்ளத்துக்குள் விட்டீர்களா? தண்ணீருக்குள் என்ஜின் நின்றுபோயிருந்தால் மறுபடி சாவி திருப்பவே வேண்டாம். காற்று இழுக்கும் வழியால் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீரை அமுக்க முடியாது; கனெக்டிங் றொட் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுற்றிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, அண்மையில் ஒருமுறையாவது கொதித்ததா? “கொஞ்சம்தான் கொதிச்சது, தண்ணி ஊத்தினதும் சரியாப்போச்சு” என்ற கதையை மறைக்காதீர்கள். வெள்ளைப் புகையின் தொடக்கம் பல தடவை அந்தக் “கொஞ்சம்தான்”.

மூன்று மட்டங்கள்

நிறத்தைப் பற்றிப் பேசுமுன் மட்டங்களைப் பாருங்கள். ஏனென்றால் நிறத்தில் கண் ஏமாறும். அந்தி வெயிலில் நீலமும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் எரிந்துபோன சாமான் எங்கோ ஒரு இடத்தில் குறைந்திருக்க வேண்டும். அது பொய் சொல்லாது.

ஒயில்: சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கம்பியை முதலில் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுக்க வேண்டும். சின்னக் கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு லீற்றர். மட்டத்தோடு நிறத்தையும் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் கலங்கியிருந்தால் ஒயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, காரை ஓட்டக்கூடாது. ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் மஞ்சள் நுரை கண்டால் உடனே பயப்பட வேண்டாம். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்று இரண்டு கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் கார்களில் என்ஜின் முழுச்சூடு ஏறாததால் ஈரம் அங்கே தங்கும். கம்பி சுத்தமாக இருந்தால் ஒருநாள் நீண்ட ஓட்டம் ஓடிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

கூலன்ட் (என்ஜினைக் குளிரவைக்கும் திரவம்): குளிர்ந்த என்ஜினில் பிளாஸ்டிக் போத்தலில் உள்ள கோட்டையும், றேடியேற்றருக்குள்ளேயும், இரண்டு இடத்திலும் பாருங்கள். போத்தல் நிறைந்திருக்க றேடியேற்றர் வெறுமையாக இருப்பது உண்டு.

பிறேக் ஒயில்: இதை யாரும் பார்ப்பதில்லை. பிறேக் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போனால் பிறேக் ஒயில் பூஸ்டருக்குள் (மிதிப்பதை இலகுவாக்கும் பெட்டி) இறங்கும், அங்கிருந்து என்ஜின் அதை உறிஞ்சும். விளைவு, நம்பமுடியாத அளவு வெள்ளைப் புகை. கூலன்ட் குறையவில்லை, ஒயில் குறையவில்லை, ஆனாலும் வெள்ளையாகப் புகைகிறது என்றால் இந்தப் போத்தலைப் பாருங்கள். அரிதுதான், ஆனால் புகையைவிடப் பெரிய ஆபத்து பிறேக்கில் இருக்கிறது.

வெள்ளை

கார் ஓட்டப் பழகும்போது நாம் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்தேசத்தார் செய்தவை. “காலையில் வெள்ளைப் புகை வந்தால் சாதாரணம்” என்பார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். குளிரில் அது வெள்ளையாகத் தெரியும். திருகோணமலையில் மார்கழி விடியலில்கூட அப்படிக் குளிர்வதில்லை. மழை நாளில், சைலன்சருக்குள் ஈரம் தங்கியிருந்தால், ஸ்டார்ட் பண்ணி இரண்டு மூன்று நிமிடம் மெல்லிய ஆவி வரலாம், நாலு சொட்டுத் தண்ணீரும் ஒழுகலாம். ஆனால் ஆடி ஆவணி வெயிலில், என்ஜின் சூடான பிறகும், பின்னால் வருபவரை மறைக்கும் அளவுக்கு வெள்ளை வந்தால் நம் ஊரில் அதற்குச் சாதாரணம் என்ற பெயர் கிடையாது.

பெற்றோல் காரில் அப்படி வந்தால் முதல் சந்தேகம் ஹெட் காஸ்கற். என்ஜினின் கீழ்ப்பாகத்துக்கும் தலைப்பாகத்துக்கும் இடையிலுள்ள இந்தத் தகடுதான் நெருப்பையும் ஒயிலையும் தண்ணீரையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரிக்கிறது. என்ஜின் கொதித்தால் அலுமினிய ஹெட் கோணும், காஸ்கற் வழிவிடும், கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும்.

கூலன்ட் எரிந்தால் இனிப்பு வாசம் வரும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது கூலன்ட் ஊற்றின காருக்குப் பொருந்தும். இங்கே பல கார்களில் ஓடுவது கிணற்றுத் தண்ணீர். தண்ணீருக்கு என்ன இனிப்பு? ஆகவே வாசம் இல்லை என்பதற்காகக் காஸ்கற் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடற்கரைக் கிணறுகளின் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவருக்கு அதை றேடியேற்றருக்கு ஊற்ற மனம் வராது. உப்பும் சுண்ணாம்பும் அலுமினியத்தை அரிக்கும், நுண்ணிய குழாய்களை அடைக்கும், பிறகு கொதிக்கும், பிறகு காஸ்கற். அவசரத்துக்கு ஊற்றினால் வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிட்டு, பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்ட் வோட்டரும் ஊற்றுங்கள்.

காஸ்கற்றைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. காலையில், என்ஜின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது, றேடியேற்றர் மூடியைக் கழற்றி, வாய்வரை நிரப்பி, இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். முகத்தை நேரே மேலே கொண்டுபோகாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். தொடக்கத்தில் நாலைந்து குமிழ் வருவது உள்ளே அடைபட்ட காற்று. நிற்காமல் சீராகக் குமிழ் வந்துகொண்டே இருந்தால், அக்சிலேற்றரை மெல்ல மிதிக்கும்போது கூடினால், எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. மூடியைப் போட்டபடி பார்ப்பதானால், ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடத்தில், தண்ணீர் இன்னும் சூடாகாத நிலையில், மேல் ஹோஸ் கல்லுப் போல இறுகுகிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

இரவில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சில வினாடி என்ஜின் உலுக்கி, வெள்ளையாக ஒருமுறை கக்கிவிட்டுப் பிறகு நன்றாக ஓடினால் அதுவும் இதே கதையின் முதல் அத்தியாயம். இரவெல்லாம் ஒரு சிலிண்டருக்குள் கூலன்ட் சொட்டியிருக்கிறது. ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இந்த உலுக்கலை “பற்றரி வீக்” என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். கூலன்ட் போத்தலில் பென்சிலால் ஒரு கோடு போட்டு ஒரு கிழமை பார்த்தால் தெரிந்துவிடும்.

டீசல் வான், டீசல் ஜீப்பில் வெள்ளை வந்தால் அது எரியாத டீசலாகவும் இருக்கலாம். கண்ணைக் கரிக்கும், மூக்கை அரிக்கும். காலையில் மட்டும் என்றால் ஹீற்றர் பிளக். எந்த நேரமும் என்றால் இஞ்செக்டர், பம்ப்பின் டைமிங், அல்லது கொம்ப்ரஷன் குறைவு.

நீலம்

நீலம் என்றால் ஒயில். பழைய டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளின் பின்னால் போனவர்களுக்கு அந்த நிறமும் வாசமும் மறக்காது. நீலப் புகையில் நிறத்தைவிட எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம்.

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு மூச்சு நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், அதாவது வால்வைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் ரப்பர். இரவில் மேலிருந்து ஒயில் சொட்டியிருக்கிறது. இதை உறுதிப்படுத்த உவர்மலை இறக்கம் நல்ல இடம். இரண்டாம் கியரில் அக்சிலேற்றரை முற்றாக விட்டு இறங்குங்கள். அடிவாரத்தில் மெல்ல மிதியுங்கள். அந்தக் கணத்தில் பின்னால் நீலமாக ஒரு குப்பென்று வந்தால் வால்வு சீல் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மிதிக்க மிதிக்க, பாரத்தோடு ஏற ஏறக் கூடினால் பிஸ்டன் றிங். இந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டாம். பின்னால் மோட்டார் சைக்கிளில் நண்பர் ஒருவர் இடைவெளி விட்டு வந்து பார்க்கட்டும். ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகவும் இருக்கட்டும்.

ஆனால் தலைப்பை மறக்காதீர்கள், நாம் பேசுவது திடீர்ப் புகை. றிங்கும் வால்வு சீலும் ஒரே இரவில் தேய்வது அபூர்வம். திடீரென்று நீலம் வந்தால் நான் பார்க்கும் வரிசை இது: முதலில் ஒயில் கூடிப்போயிருக்கிறதா. அடுத்தது பீசீவி வால்வு, என்ஜினின் உள்மூச்சைத் திரும்ப உள்ளே அனுப்பும் சின்ன வால்வு. அது அடைபட்டாலும் திறந்தபடி நின்றாலும் ஒயிலை உறிஞ்சும். கழற்றிக் குலுக்கினால் பெரும்பாலான கார்களில் கடகட என்று சத்தம் கேட்க வேண்டும். பெரிய செலவில்லாத சாமான், மாற்றுவதும் சில நிமிட வேலை. டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) உள்ள வண்டியென்றால் டர்போவின் சீல். காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்த்தால் ஒயில் தேங்கி நிற்கும். இவை மூன்றையும் பார்க்காமல் என்ஜினைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள்.

கறுப்பு

கறுப்பு பயமுறுத்தும், ஆனால் மூன்றிலும் சாதுவானது அதுதான். பெற்றோலோ டீசலோ கூடி, காற்றுக் குறைந்து எரிகிறது, அவ்வளவே. எயார் பில்டரைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; நிலாவெளி மணலும் தம்பலகாமத்து வயல் தூசியும் அடைந்திருந்தால் விடை கையில். பழைய கார்ப்ரேற்றர் கார் என்றால் சோக்கை உள்ளே தள்ள மறந்தீர்களா என்று பாருங்கள். புதிய கார் என்றால் ஒரு சென்சர் பொய் சொல்கிறது அல்லது இஞ்செக்டர் ஒன்று மூடாமல் ஒழுகுகிறது. அதை ஸ்கேனர் உள்ளவர் பார்க்கட்டும். டர்போ டீசலில் திடீரென்று கறுப்பும், இழுவைக் குறைவும், மிதிக்கும்போது ‘உஸ்’ என்ற சத்தமும் சேர்ந்து வந்தால் டர்போ காற்று ஹோஸ் வெடித்திருக்கிறது.

என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் கறுப்பையும் லேசாக எடுக்க வேண்டாம். எரியாத பெற்றோல் சைலன்சரில் உள்ள கற்றலிக்கில் (புகையைச் சுத்திகரிக்கும் பெட்டி) போய் எரிந்து, அதைச் செந்தணலாக்கும்.

நிறத்தில் சந்தேகம் இருந்தால் துணியை எடுங்கள். வெளியில், காற்றோட்டமான இடத்தில், என்ஜின் மெதுவாக ஓடும்போது சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வெள்ளைத் துணியைச் சில வினாடி பிடியுங்கள். பக்கவாட்டில் நில்லுங்கள், குனிந்து மணக்காதீர்கள். காய்ந்தால் மறைந்துவிடும் ஈரம் தண்ணீர். வழுவழுப்பான பொட்டுகள் ஒயில். உலர்ந்த கரி, பெற்றோலோ டீசலோ கூடிய எரிவு. மூடிய கராஜுக்குள் இதைச் செய்யவே கூடாது, காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

வீட்டு அலுமாரியிலும் ஒரு தடயம் இருக்கிறது. 2008 முதல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை கட்டாயம் அல்லவா? போன வருட அறிக்கையைத் தேடி எடுங்கள். பெற்றோல் காருக்குக் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும், டீசலுக்குப் புகையின் அடர்த்தியும் அதில் இருக்கும். அந்த எண்கள் எல்லைக்கு மிகக் கீழே இருந்திருந்தால், போன வருடம்வரை என்ஜின் நன்றாகத்தான் எரித்திருக்கிறது என்பதற்கு அது ஒரு அத்தாட்சி. “கனகாலமாத் தேஞ்சு கிடந்திருக்கு” என்று சொல்பவரிடம் அதைக் காட்டலாம்.

சாவியை அணைத்தும் நிற்காத டீசல்

இது நடப்பது குறைவு, நடந்தால் யோசிக்க நேரம் இருக்காது. டர்போ சீல் உடைந்து அல்லது ஒயில் மிதமிஞ்சி, டீசல் என்ஜின் தன் சொந்த ஒயிலையே எரித்து ஓடத் தொடங்கும். புகை மலைபோல வரும், என்ஜின் தானாக அலறி வேகம் ஏறும், சாவியை அணைத்தாலும் நிற்காது. கையால் கியர் போடும் வண்டியென்றால் கால் பிறேக்கையும் ஹாண்ட்பிறேக்கையும் முழுப் பலத்தோடு பிடித்து, கடைசிக் கியரைப் போட்டு, கிளச்சைச் சட்டென்று விடுங்கள், அமுங்கி நின்றுவிடும். ஒட்டோ கியர் என்றால், அல்லது அது பலிக்கவில்லை என்றால், எல்லோரையும் இறக்கிக்கொண்டு தூரப் போங்கள். பொனற்றைத் திறந்து காற்றுக் குழாயைக் கையால் பொத்தப் போகாதீர்கள்.

கராஜில் பேசுவது

புதியவர்கள் செய்யும் பிழை, நோயை விட்டுவிட்டு மருந்தைக் கேட்பது. “அண்ணே, ஹெட் காஸ்கற் போயிட்டுது, மாத்தித் தாங்க” என்றால் மாற்றித்தான் தருவார். “அண்ணே, முந்தநாள் கந்தளாயில கொதிச்சது. நேற்றிலயிருந்து காலமை ஸ்டார்ட் பண்ணேக்க வெள்ளையா வருது. ரெண்டு நாளில போத்தலில அரைவாசி தண்ணி குறைஞ்சுபோச்சு. ஒயில் சுத்தமா இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவரின் முகமே மாறும். போனில் புகையை வீடியோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. கராஜில் போய் நின்றதும் புகைக்காமல் இருப்பது கார்களின் பிறவிக் குணம்.

திறக்கும் வேலை என்று வந்தால், அதற்கு முன் நாலு சோதனை கேளுங்கள். ஒன்று, பிளக் எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பது. ஒயில் நனைந்ததா, கரி படிந்ததா, மற்றவையெல்லாம் மண்ணிறமாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவைத்த மாதிரி இருக்கிறதா? கழுவின பிளக் உள்ள சிலிண்டருக்குள்தான் தண்ணீர் போகிறது. இரண்டு, கூலன்டை அழுத்தி வைத்து, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. மூன்று, நீலத் திரவம் உள்ள சின்னக் குழாயை றேடியேற்றர் வாயில் வைப்பது. எரிந்த வாயு பட்டால் பெற்றோல் காரில் அது மஞ்சளாகும். நாலாவது கொம்ப்ரஷன், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று அளப்பது. எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்கு இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்பதே கேள்வி. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளப்பார்கள். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது காஸ்கற். “அதெல்லாம் தேவையில்ல, பார்த்தாலே தெரியும்” என்பவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். நான் இன்னொரு கராஜையும் கேட்பேன்.

ஹெட்டைக் கழற்றினால் லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்காமல் திரும்பப் பூட்ட விடாதீர்கள். கோணின ஹெட்டின் கீழ் வைக்கும் புது காஸ்கற் நாலு மாதம்கூடத் தாங்காது. கொதித்த காரணத்தையும், பான் ஓடவில்லையா, தேர்மோஸ்டாற் திறக்கவில்லையா, றேடியேற்றர் அடைப்பா என்று அதே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்து கார் வெளியே வந்த அன்று மறுபடியும் புகைத்தால் கராஜ்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சைலன்சருக்குள் ஏற்கெனவே படிந்த ஒயிலும் தண்ணீரும் எரிந்து தீர வேண்டும். நிலாவெளி வரைக்கும் ஒருதரம் போய்த் திரும்புங்கள், அந்தத் தூரம் போதும். என் கார் அன்றைக்கு சீனன்குடா வரை மெல்லியதாகப் புகைத்தது. அதற்குப் பிறகு பின்கண்ணாடியில் ரோடு தெரிந்தது. நீங்கள் போய்த் திரும்பி, அடுத்த நாள் காலையிலும் அதே அளவு புகை வந்தால், வீடியோவையும் மூன்று மட்டங்களையும் எடுத்துக்கொண்டு அவரிடமே திரும்பிப் போங்கள்.